மைனஸ் விழுந்த கேள்விகள்

கோடிங் படிக்கிறவர்களும் அதையே தொழிலாகச் செய்கிறவர்களும் இம்முறை ஒரே இடத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்: ஸ்டாக் ஓவர்ஃப்ளோ. ஜெஃப் அட்வுட், ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற இருவர் 2008 செப்டம்பரில் திறந்த, புரோகிராமர்களின் கேள்வி-பதில் தளம். அங்கே எழுதும் கேள்விக்கும் பதிலுக்கும் மற்றவர்கள் பிளஸ் அல்லது மைனஸ் ஓட்டுப் போடுவார்கள். மனம் நொந்து வந்த கடிதங்களே அதிகம். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கல்லூரி மாணவி, திருநெல்வேலி
முதல்முறையாக ஒரு கேள்வி போட்டேன். பத்து நிமிடத்தில் மூன்று மைனஸ். நான் என்ன தப்பு செய்தேன்?

நீங்கள் தப்பு செய்தீர்கள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. மைனஸ் விழுந்தது நீங்கள் எழுதிய பத்தியின் மேல். கேள்விக்கு இடப்பக்கம் கீழ்நோக்கி இருக்கும் அம்பின் மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். தேடிப் பார்த்த முயற்சி தெரியவில்லை, அல்லது புரியவில்லை, அல்லது பயன்படாது என்ற அளவில்தான் அதற்குப் பொருள் எழுதியிருப்பார்கள். 'இவர் இந்த வேலைக்கு லாயக்கில்லை' என்று சொல்ல அங்கே பொத்தான் கிடையாது.

தளம் ஒவ்வொருவருக்கும் வைத்திருக்கும் புள்ளிக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு மைனஸுக்கு 2 புள்ளி குறையும், ஒரு பிளஸுக்கு 10 புள்ளி கூடும். புதிதாகச் சேர்ந்தவர் கையில் இருப்பது 1 புள்ளி. அதற்குக் கீழே யாரையும் தளம் இறக்காது. ஆக, மூன்று மைனஸில் உங்கள் புள்ளி அப்படியே இருக்கிறது. இனி ஒரே ஒரு பிளஸ் விழுந்தால் 11. அழுதிருந்தால் முகத்தைக் கழுவிவிட்டு வந்து, கேள்வியைத் திருத்துங்கள். எப்படி என்பது கீழே வருகிறது.

ஐ.டி. ஊழியர், ஓசூர்
மைனஸ் போடுகிறவர் காரணம் சொல்லிவிட்டுப் போட்டால் என்ன? முகத்தை மறைத்துக்கொண்டு அடிப்பது நியாயமா?

காரணம் சொன்னால் நல்லது. கட்டாயமாக்கினால் கெட்டது. தேர்தலில் நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள் என்று யாரும் கேட்க முடியாது; அங்கேயும் அப்படித்தான். காரணம் எழுதியவரைத் தேடிப்போய் அவருடைய பழைய பதில்களுக்கெல்லாம் பதிலுக்கு மைனஸ் குத்தும் ஆட்களும் உண்டு. அதற்குப் பயந்தே பலர் வாய் திறப்பதில்லை. வந்தவுடன் எல்லோரும் மைனஸ் போட்டுவிடவும் முடியாது. 125 புள்ளி சேர்ந்த பிறகுதான் அந்த உரிமை. ஒரு பதிலுக்கு மைனஸ் போட்டால் போட்டவருக்கும் ஒரு புள்ளி போகும்.

இன்னொன்று கவனியுங்கள். கீழே கமென்ட் எழுதியவர்தான் மைனஸ் போட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் அவர் உங்கள் கேள்வியைக் காப்பாற்ற வந்தவராக இருப்பார்.

பாலிடெக்னிக் மாணவர், கரூர்
பதில் கேட்டால் பதிலுக்குக் கேள்வியாகக் கேட்கிறார்கள். 'எந்த வெர்ஷன்? என்ன எரர் வந்தது? எந்த வரியில்?' தெரிந்தால் சொல்ல வேண்டியதுதானே?

பவணந்தி முனிவரைக் கேட்டால் உங்களோடு உடன்பட மாட்டார். அவர் எழுதிய இலக்கண நூலான நன்னூல் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. அதில் ஒன்றின் பெயரே 'வினா எதிர் வினாதல்'. கேள்விக்கு எதிர்க்கேள்வி போடுவதும் ஒரு விடை என்று சுமார் 800 ஆண்டுகளுக்கு முன்பே நம் இலக்கணத்தில் எழுதி வைத்தாயிற்று.

டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார்? காய்ச்சலா, எத்தனை நாளாக, சாப்பிட்டது என்ன என்று கேட்பார். 'என் புரோகிராம் ஓடவில்லை' என்பதும் அப்படித்தான். ஓடவில்லை என்றால் கம்பைல் ஆகவில்லையா, ஓடிப் பாதியில் நின்றதா, ஓடி முடித்துத் தப்பான விடை தந்ததா? எழுத வேண்டியவை இவை: நீங்கள் எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, பிழைச் செய்தி எழுத்து மாறாமல், அந்தப் பிழையை மறுபடி வரவைக்கும் மிகச் சிறிய புரோகிராம் கோடு. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். 600 வரியைக் கொட்டாதீர்கள். ஒவ்வொரு பகுதியாக வெட்டி எறிந்து, பிழை இன்னும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போங்கள். பத்துப் பதினைந்து வரி மிஞ்சும்போது, கேள்வியைப் போடாமலே விடை கிடைத்துவிட்ட அனுபவம் அங்கே பழகிய யாருக்கும் உண்டு.

பகுதிநேர ஆசிரியர், விழுப்புரம்
'மதிப்பிற்குரிய ஐயா' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, 'மிக அவசரம், தயவுசெய்து உதவவும், முன்கூட்டியே நன்றி' என்று முடித்திருந்தேன். யாரோ ஒருவர் அத்தனையையும் அழித்துவிட்டார். மரியாதை கூடவா கசக்கிறது?

உங்கள் மரியாதை அவமதிக்கப்படவில்லை. அகராதியில் ஒரு சொல்லின் பொருளுக்கு மேலே வணக்கமும் கீழே நன்றியும் அச்சிடுவார்களா? அந்தத் தளம் தன் பக்கங்களை அப்படித்தான் நினைக்கிறது. தேடி வருகிறவர் கண்ணில் முதலில் பிரச்சினை பட வேண்டும். நன்றியைப் பதிலுக்கு ஒரு பிளஸ் போட்டுச் சொல்லலாம். 15 புள்ளி வந்தால் அதற்கு உரிமை கிடைக்கும். அதுவரை, சரியான பதிலுக்குப் பக்கத்தில் உள்ள டிக் குறியை அழுத்துங்கள். பதில் சொன்னவருக்கு அதில் 15 புள்ளி போகும், உங்களுக்கும் 2 வரும். 'அவசரம்' என்ற சொல்லை மட்டும் நீங்களே எடுத்துவிடுங்கள். பதில் சொல்கிறவர்கள் சம்பளம் வாங்காமல், தங்கள் சொந்த நேரத்தில் வந்து உட்கார்ந்திருப்பவர்கள்.

பட்டதாரி, யாழ்ப்பாணம்
தமிழில் கேட்கலாமா? என் ஆங்கிலத்துக்காக மைனஸ் விழுமோ என்று பயமாக இருக்கிறது.

தமிழுக்குத் தளம் இல்லை. போர்த்துகீசியம், ரஷ்யன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளுக்கு மட்டும் தனித்தனியாக உண்டு. இலக்கணப் பிழைக்குப் பயப்படாதீர்கள். அதை மற்றவர்கள் திருத்தித் தருவார்கள். தகவல் இல்லாததற்குத்தான் மைனஸ் விழும். ஒன்று மட்டும்: 'ஐ ஹேவ் எ டவுட்' என்று எழுதாதீர்கள். நாம் 'சந்தேகம்' என்பதைக் கேள்வி என்ற பொருளில் சொல்கிறோம். அங்கே படிக்கிற வெளிநாட்டுக்காரர், நீங்கள் எதையோ நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வார்.

பொறியியல் மாணவி, கோவை
என் புரோகிராம் கோடை போனில் தெளிவாகப் படம் பிடித்துப் போட்டேன். அதற்கும் மைனஸ்!

படத்திலிருந்து கோடை எடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. தேடினால் அகப்படாது. பார்வையற்ற புரோகிராமர்கள் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள். உங்கள் படம் அவர்களுக்கு வெறும் மௌனம். எழுத்தாகவே போடுங்கள்.

ஜாவா கற்பவர், மதுரை
ஏற்கெனவே கேட்கப்பட்ட கேள்வி என்று முத்திரை குத்தி மூடிவிட்டார்கள். கடைக்கதவை முகத்தில் சாத்தியது போல் இருந்தது.

மூடிய கதவில் ஒரு விலாசம் ஒட்டியிருந்ததே, அங்கே போனீர்களா? ஜாவா கற்கிற யாரும் முதல் மாதத்திலேயே 'நல் பாயின்டர் எக்ஸப்ஷன்' என்ற பிழையில் முட்டிக்கொள்வார்கள். அதற்கென்று ஒரே ஒரு பழைய கேள்வியை வைத்து, அதன் கீழ் பதில்களைப் பல ஆண்டுகளாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். புதிதாக வரும் அத்தனை பேரையும் அங்கே அனுப்புகிறார்கள். ஒருவர் இரவு பதினொரு மணிக்கு அவசரமாக உங்களுக்குத் தட்டும் நான்கு வரியைவிட அது எவ்வளவோ மேல்.

அந்தத் தளம் உங்களுக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து இதே பிழைச் செய்தியை கூகுளில் தட்டிவிட்டு வரப்போகும் முகம் தெரியாத ஒருவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறது. இது மனதில் பதிந்துவிட்டால் அங்கே நடக்கும் பாதி விஷயங்கள் புரிந்துவிடும். உங்கள் கேள்வியும் வீணாகவில்லை. வேறு சொற்களில் தேடி வருகிறவருக்கு அது கைகாட்டி மரம்.

அந்தப் பழைய பதில் உண்மையிலேயே பொருந்தவில்லை என்றால், படித்தேன், இன்ன காரணத்தால் என் சிக்கல் தீரவில்லை என்று கேள்விக்குள்ளேயே எழுதுங்கள். மூட மூன்று பேர் ஓட்டுப் போட்டால் போதும். திறக்கவும் மூன்று பேர் போதும்.

தனியார் நிறுவன ஊழியர், சென்னை
மைனஸ் விழுந்ததும் கேள்வியை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறேன். நான்காவது முறை, இனி கேள்வியே கேட்க முடியாது என்று வருகிறது.

அழித்ததும் கணக்கில் இருக்கும். தொடர்ந்து மைனஸ் வாங்கும் கணக்கை மென்பொருள் தானாகவே தடுத்துவிடும். புதுக் கணக்கு தொடங்கும் குறுக்கு வழியில் இறங்காதீர்கள். பழைய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்யுங்கள். மைனஸ் போட்டவர் சில நிமிடங்களுக்குப் பிறகு அதை மாற்ற நினைத்தாலும் முடியாது. கேள்வி திருத்தப்பட்டால்தான் அந்தப் பூட்டு திறக்கும். நீங்கள் திருத்தாதவரை, மனம் மாறியவர்கூட உங்களுக்கு உதவ முடியாது.

எட்டு வருட அனுபவஸ்தர், பெங்களூரு
20,000 புள்ளி வைத்திருக்கிறேன். ஒரே கேள்வியை நூறு முறை பார்த்தவனுக்குக் கோபம் வராதா?

வரும். உங்களுக்கு அது நூறாவது, கேட்டவருக்கு முதல். மைனஸ் போடுங்கள், மூடுவதற்கு ஓட்டுப் போடுங்கள், அது உங்கள் உரிமை. ஏளனமாக ஒரு வரி எழுதும் உரிமை மட்டும் உங்களுக்கு இல்லை. புதியவர்கள், பெண்கள், ஒதுக்கப்பட்ட பிரிவினர் பலருக்கு இந்த இடம் இணக்கமாக இல்லை என்று 2018 ஏப்ரலில் அந்த நிறுவனமே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு நடத்தை விதிகளைப் புதிதாக எழுதியது. புதியவர்கள் கேள்வியை முதலில் தனியிடத்தில் வைத்து, அனுபவசாலிகள் துணையோடு சீராக்கிய பிறகு வெளியே விடும் ஏற்பாட்டை 2024-ல் கொண்டுவந்தது. உங்களைப் போன்றவர்கள் அங்கே போய் வாரத்துக்கு இரண்டு கேள்வியைச் செப்பனிட்டுக் கொடுத்தால் எனக்கு வரும் கடிதங்கள் குறையும்.

வாசகர், திருச்சி
'முட்டாள்' என்றே ஒருவர் எழுதிவிட்டார். அதையும் 'கருத்து' என்று பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். அது விதிமீறல். அந்தக் கமென்ட் பக்கத்தில் உள்ள கொடியை அழுத்திப் புகார் செய்யுங்கள். பதிலுக்குத் திட்டினால் இரண்டு பேர் எழுதியதும் அழிக்கப்படும்.

வாசகி, தஞ்சாவூர்
இந்த வம்பே வேண்டாம் என்று சாட்ஜிபிடியிடம் கேட்டுக்கொள்கிறேன். அது மைனஸே போடுவதில்லை!

கேளுங்கள், தடையில்லை. ஆனால் அது தப்பாகச் சொன்னாலும் அதே நம்பிக்கையான குரலில்தான் சொல்லும். சாட்ஜிபிடி எழுதித் தந்த, பார்க்கச் சரியாக இருந்து உள்ளே தப்பாக இருந்த பதில்கள் குவிந்ததால்தான் 2022 டிசம்பரில் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ அவற்றைத் தடை செய்தது. தப்பைத் தப்பு என்று சொல்ல நாலு பேர் இருக்கும் இடத்தை அடியோடு விட்டுவிடாதீர்கள்.

ஒரு தாய், ஈரோடு
பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகன். ஒரு கேள்விக்கு ஐந்து மைனஸ் வாங்கியதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டேன் என்கிறான். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. என்ன சொல்வது?

ஒன்றும் தெரியாதது இங்கே உங்களுக்கு உதவும். ஆண்ட்ரூ ஹண்ட், டேவிட் தாமஸ் இருவரும் 1999-ல் எழுதிய 'தி பிராக்மாடிக் புரோகிராமர்' நூலில், ஒரு ரப்பர் வாத்தை வைத்துக்கொண்டு அதற்குத் தன் கோடை வரிவரியாக விளக்கும் புரோகிராமர் ஒருவர் வருவார். புரியாத ஒருவருக்குச் சொல்லும்போதுதான் தன் பிழை தனக்குத் தெரியும் என்பதால் அந்தப் பழக்கம்.

இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அவன் பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் கேள்வியைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். புரியாத இடத்தில் 'இது ஏன்ப்பா?' என்று நிறுத்துங்கள். அவன் உங்களுக்கு வாயால் சொல்லும் அந்த விளக்கம்தான் கேள்வியில் விடுபட்ட வரி. அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். திருத்தும் பொத்தான் அவன் கேள்விக்குக் கீழேயே இருக்கிறது.