பட்ஜெட் மாமாவின் மூன்று புத்தாண்டுகள்

பட்ஜெட் மாமா எல்லா ஊரிலும் இருப்பார். எங்கள் ஊர் மாமா கொஞ்சம் உயரத்தில் இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். பட்டிப்பொல ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் நிற்கிறது. இலங்கையில் இதற்கு மேலே ஸ்டேசன் கிடையாது. ஆகவே இங்கே போடப்படும் திட்டங்களும் கீழே உள்ளவர்கள் போடுவதைவிட உயரமாகத்தான் இருக்கும்.

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் மாமா டயரி வேட்டைக்குக் கிளம்பிவிடுவார். வங்கியில் ஒன்று, உரக்கடையில் ஒன்று, மருந்துக்கடையில் ஒன்று. எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது லீசிங் கம்பனி கொடுக்கும் டயரிதான். தாள் நல்ல தடிப்பு, நடுவில் பட்டு நாடா வேறு. "நம்ம வட்டியில அடிச்சதுதானே தம்பி, நல்லாத்தான் இருக்கும்" என்று தடவிப் பார்ப்பார்.

முதல் நாள் ராத்திரி அடிமட்டம் வைத்து நடுவில் ஒரு கோடு. இடது பக்கத்துக்குத் தலைப்பு 'சல்லி', வலது பக்கத்துக்கு 'பயணம்'. கடனுக்குச் சிவப்புப் பேனை, பயணத்துக்கு நீலப் பேனை. சிவப்புப் பேனை பொங்கலுக்கு முன்னால் தீர்ந்துவிடும். நீலம் வருசக் கடைசி வரைக்கும் மை குறையாமல் இருக்கும். மாமியின் கடைசி மகன் அதை எடுத்துப்போய் வீட்டுப்பாடம் எழுதுவான்.

முன்பெல்லாம் மாமா தன் மூளையை வைத்துத்தான் திட்டம் போட்டார். இப்போது யூடியூப் இருக்கிறது. சென்னையிலிருந்து ஒரு கோட்டுப் போட்ட தம்பி பேசுகிறார்: வருமானத்தில் 50 வீதம் தேவைக்கு, 30 வீதம் ஆசைக்கு, 20 வீதம் சேமிப்புக்கு. இது அமெரிக்காவில் எலிசபெத் வாரன் என்ற அம்மா தன் மகளோடு சேர்ந்து 2005 இல் எழுதிய புத்தகத்தால் ஊரெல்லாம் பரவிய கணக்கு. அந்த அம்மா பிறகு செனட்டராகவே ஆகிவிட்டார். மாமாவுக்கும் கணக்குப் பிடித்துப்போனது. ஒரே ஒரு சிக்கல்தான்: வருமானம் என்று எதை எழுதுவது?

மாமாவின் வருமானம் மூன்று வழியில் வரும். ஒன்று, லீசிங்கில் எடுத்த வான். இரண்டு, வீட்டுக்குப் பின்னால் சரிவில் இருக்கிற கரட் பாத்தி. மூன்று, மாமி தோட்டத்தில் கொழுந்து எடுத்து வாங்கும் சம்பளம். வான் வருமானம் வெள்ளைக்காரன் வருவதைப் பொறுத்தது. கரட் வருமானம் மழையையும் தம்புள்ளைச் சந்தையையும் பொறுத்தது. ஒழுங்காக வருவது மாமியின் காசு மட்டும்தான். அதைத்தான் மாமா 'சில்லறை வரவு' என்ற தலைப்பில் எழுதுவார்.

அந்தச் சில்லறை வரவின் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். நாட்சம்பளம் 2021 இல் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. 2024 இல் 1,350 ஆனது. ஆயிரம் ரூபாய்க்காக நடந்த ஊர்வலங்களின் கணக்கை வேறு டயரியில்தான் எழுத வேண்டும். சம்பளத் துண்டை விரித்தால் சங்கச் சந்தா, கோயில் காசு, தீபாவளி அட்வான்ஸ் கழிவு என்று வரிசை நிற்கும். தீபாவளிக்கு வாங்கிய அட்வான்ஸ் மாதம் மாதம் கழிந்து, முடியும் நேரத்தில் அடுத்த தீபாவளி வந்து நிற்கும். நரகாசுரன் ஒரு தடவை செத்தான்; அட்வான்ஸ் வருசா வருசம் பிழைத்துக்கொள்கிறது.

அதே துண்டில் இன்னொரு வரியும் இருக்கும்: ஈ.பி.எப். தொழிலாளியின் பங்கு 8 வீதம், தோட்டத்தின் பங்கு 12 வீதம். கூட்டிப் பாருங்கள். சென்னைத் தம்பி சொன்ன அதே 20! மாமா டயரியில் சிவப்பிலும் நீலத்திலும் தேடிக்கொண்டிருக்கும் இருபது வீதம், 1958 ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாமியின் பெயரில் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கிறது. பெண்களுக்கு அதை எடுக்கும் வயது 50. அது வரைக்கும் மாமாவின் கை அதன் மேல் படாது. அதனால்தான் அது இன்னும் அங்கே இருக்கிறது என்பது மாமியின் அபிப்பிராயம்.

'அவசர நிதி' என்று ஒன்றும் வேண்டுமாம், ஆறு மாதச் செலவுக்கு. அதுவும் எங்கள் பக்கத்தில் உண்டு. மாமியின் காதில் தோடாகத் தொங்குகிறது. பள்ளிக்கூடம் திறக்கும்போது சப்பாத்துக்கும் கொப்பிக்கும் ஒரு தரம், கரட் விதை வாங்க ஒரு தரம் அடகுக்குப் போய், மீண்டு வந்து மறுபடி தொங்கும். ஜனவரியில் மாமியின் காதில் வேப்பங்குச்சி தெரிந்தால் மாமாவின் திட்டம் அமுலுக்கு வந்துவிட்டது என்று லயமே புரிந்துகொள்ளும்.

மலைநாட்டுக்குச் சேமிப்பும் பயணமும் கூடப்பிறந்தவை மாதிரித்தான் வந்தன. நானுஓயாவுக்கு ரயில் ஏறி வந்தது 1885 இல். இலங்கையில் தபாலகச் சேமிப்பு வங்கி தொடங்கியதும் அதே 1885 இல். பிறகு அது 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய சேமிப்பு வங்கிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. ரயில் மட்டும் நிற்காமல் எங்கள் ஊரையும் தாண்டி, 1894 இல் பண்டாரவளைக்கும் 1924 இல் பதுளைக்கும் போனது. சேமிப்பு இன்னும் பட்டிப்பொல மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறது என்பது மாமாவின் டயரியைப் பார்த்தவர்கள் சொல்வது.

ஒரே ஒரு வருசம் திட்டம் பலித்துவிடும் போல இருந்தது. 2024 ஜனவரி. மழையில் பாத்திகள் அழுகிப்போய் நாடு முழுக்கக் கரட் தட்டுப்பாடு. கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. கொழும்பில் கரட்டை நகைக்கடைப் பெட்டியில் வைத்து விற்கலாம் என்று பத்திரிகைக்காரர்கள் கேலி செய்தார்கள். மாமாவின் பாத்தி சரிவில் இருந்ததால் தண்ணீர் நிற்காமல் பிழைத்துக்கொண்டது. ராத்திரியெல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, டோர்ச் லைட்டும் கையுமாகப் பாத்தி ஓரத்தில் காவல் உட்கார்ந்தார். டயரியும் மடியில்தான். முதல் ராத்திரி கதிர்காமம் என்று எழுதினார். மறுநாள் சந்தை விலையைக் கேட்டுவிட்டு அதை அடித்து, சபரிமலை. அடுத்த நாள் விலை இன்னும் ஏற, மலேசியா. சிங்கப்பூருக்கு இரண்டு நாள் தங்கலும் சேர்த்துக்கொண்டார். அந்த விலையில் விற்ற காசு வான் தவணை மூன்றுக்கும் தோடு மீட்கவும் சரியாகப் போனது. பரவாயில்லை, அடுத்த போகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மடங்கு பாத்தி போட்டார்.

அங்கேதான் திட்டம் சறுக்கியது. மாமாவின் கூட்டல் கழித்தலில் பிழையே இல்லை. ஆனால் அந்த மாதம் அம்பேவெலயிலிருந்து வெலிமடை வரைக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாமா அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாதத்தில் எல்லோருடைய கரட்டும் ஒன்றாக லொறி ஏறியது. விலை எப்படிப் போனது என்பதை மாமா எழுதவில்லை. அந்தப் பக்கத்தில் மாட்டுக்குக் கரட் போட்ட கணக்குத்தான் இருக்கிறது.

வலது பக்கத்துக்கு வருவோம். பயணப் பட்டியலில் வருசா வருசம் முதலிடம் 'திருச்சி, தாத்தா ஊர்'. 2023 ஒக்டோபர் 14 இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் ஓடத் தொடங்கியதும் மாமா துள்ளிக் குதித்தார்.

"பிளேன்ல போறவன் பைத்தியக்காரன் தம்பி. இங்க ரயில் ஏறுறோம். பொல்காவலையில மாறுறோம். நேரா காங்கேசன்துறை. அங்க கப்பல். மத்தியானச் சோறு நாகபட்டினத்துல."

"ரயில்ல போய்ச் சேரவே ஒரு நாள் ஆகுமே மாமா? ராத்திரி தங்கணுமே?"

"அதத்தான் கணக்குப் போட்டுக்கிட்டிருக்கேன்."

அவர் போட்டு முடிப்பதற்குள் கப்பல் நின்றுவிட்டது. 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடியது. மாமா மறுபடி முதலிலிருந்து கணக்குப் போடத் தொடங்கினார்.

அவருடைய தாத்தா காலத்தில் இந்த வில்லங்கம் இல்லை. 1914 இலிருந்து தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் கப்பல், இரண்டு கரையிலும் ரயில். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோனது. அதற்கு இரண்டு மாதம் முந்திதான் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று மனிதர்களைப் பங்கு பிரித்திருந்தார்கள். மாமாவின் பெரியப்பா குடும்பம் அந்தக் கணக்கில்தான் போனது. அதுவும் ஒரு பயணத் திட்டம்தான். போனவர்கள் யாரும் அதை டயரியில் எழுதிவைத்து ஆசைப்பட்டவர்கள் இல்லை. மாமா பட்டியலில் திருச்சியை மட்டும் எந்த வருசமும் அடிக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் இது என்று நான் நினைக்கிறேன். கேட்டால் சொல்லமாட்டார். "உச்சிப்பிள்ளையாரைப் பார்க்கணும்" என்பார்.

பாஸ்போர்ட் எடுத்தார், உண்மை. பத்து வருசம் பீரோவில் சேலைகளுக்கு நடுவில் பூச்சி உருண்டை வாசத்தோடு இருந்து, ஒரு முத்திரையும் விழாமல் காலாவதியானது. படத்தில் இருக்கிறவருக்குத் தலை நிறைய முடி.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாமா இருக்கிற இடத்துக்கு வருவதுதான் உலகத்தில் பாதிப்பேரின் புத்தாண்டுத் திட்டம். ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் எவனோ ஒருவன் அவனுடைய டயரியில் 'இலங்கை, மலைநாட்டு ரயில், உலக முடிவு' என்று எழுதிவைத்து, மாதம் மாதம் காசு சேர்த்து, வந்து இறங்கி எங்கள் ஸ்டேசன் பெயர்ப்பலகையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிறான். அவன் பயணப் பக்கத்தில் எழுதியதுதான் மாமாவின் சல்லிப் பக்கத்துக்கு வரவு. விடிவதற்கு முன் வான் கண்ணாடியில் உறைந்த பனிக்குச் சுடுதண்ணி ஊற்றி, வந்தவர்களை ஏற்றிக்கொண்டு ஹோர்ட்டன் சமவெளிக்கு விரட்டுவார். வெயில் ஏறி மூடுபனி எழும்புவதற்குள் போய்விட வேண்டும். பிந்தினால் அங்கே உலக முடிவில் ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளம் இருக்கிற இடத்தில் வெள்ளை வேட்டி கட்டிவிட்டதுபோல் ஒன்றும் தெரியாது.

"உள்ள போய்ப் பாத்திருக்கீங்களா மாமா?" என்று கேட்டேன்.

"கேட் வரைக்கும் எத்தனை தரம் போயிருப்பேன்!"

"உள்ள?"

"டிக்கட் எடுக்கணுமே. அவங்க வாற வரைக்கும் வான்ல ஒரு தூக்கம் போடுவேன். நல்ல குளிர், நல்ல தூக்கம்."

உலக முடிவைப் பார்க்காமல் உலகம் சுற்றத் திட்டம் போடும் மனிதர் இவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். விசாரித்தால் ஊரில் முக்கால்வாசிப் பேர் கேட்டோடு திரும்பியவர்கள்தான்.

மாமாவைச் சோம்பேறி என்றோ ஏமாளி என்றோ சொல்ல எனக்கு மனம் வராது. அவருக்கு வாய்த்திருப்பது மூன்று புத்தாண்டு. அதனால் வந்த கெடுதிதான் இது. வெள்ளைக்காரனுக்கு ஜனவரி முதலாம் தேதி திட்டம் தவறினால் ஒரு வருசம் காத்திருக்க வேண்டும். மாமாவுக்கு இரண்டே வாரத்தில் தைப்பொங்கல். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று புதுப் பக்கம் திருப்புவார். அதுவும் தவறினால் ஏப்ரல் 14 சித்திரைப் புத்தாண்டு. அது நுவரெலியா சீசன் நேரம், குதிரைப் பந்தயமும் பூக் கண்காட்சியும் கொழும்புக் கார்களுமாக ரோட்டில் நடக்க இடம் இருக்காது. வான் ஓய்வில்லாமல் ஓடும், கையில் காசு புரளும், மாமா தெம்பாக எழுதுவார். அதற்குப் பிறகு மேயில் மழை. சிவனொளிபாதமலை சீசனும் வெசாக் போயாவோடு முடிந்துவிடும். 'இந்த சீசன்ல மலை ஏறணும்' என்று டிசம்பரில் எழுதியதை அடுத்த டிசம்பருக்கு அம்புக்குறி போட்டு நகர்த்துவார். அம்புக்குறி போடுவதில் மாமா கைதேர்ந்தவர். சில பக்கங்களில் அம்பு மட்டும்தான் இருக்கும்.

போன முறை ஒரு விசயம் நடந்தது. மாமியும் லயத்துப் பொம்பிளைகளும் சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொப்பி கிடையாது, கோடு கிடையாது. சம்பளத்தன்று ஆளுக்குக் கொஞ்சம், ஒரு பால்மா டின்னுக்குள் பெயர் எழுதிய துண்டுகள், குலுக்கி எடுத்தால் எடுத்தவருக்கு மொத்தக் காசு. மாமிக்குச் சீட்டு விழுந்தது. நல்லூரும் நயினாதீவும் போய் வரலாம் என்று பிரட்டுக்களத்திலேயே பேச்சு முடிந்துவிட்டது. மற்றவர்களும் ஆளுக்குக் காசு போட்டார்கள்.

வான் ஒன்று வேண்டும். லீசிங் வான் வாசலில்தானே நிற்கிறது. மாமா டயரியைத் திறந்து இரண்டு பக்கத்தையும் ஒரு சேரப் பார்த்தார். வரவும் பயணமும் ஒரே நாளில் விழுந்திருப்பது இதுதான் முதல் தடவை. தொண்டையைச் செருமிக்கொண்டு, கிலோமீற்றருக்கு இவ்வளவு, ராத்திரி தங்கினால் இவ்வளவு, என்று வாசித்தார். வெளியே திண்ணையில் பொம்பிளைகள் வெத்திலை போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மாமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, டீசல் மட்டும் போட்டுத் தாறோம். டிரைவருக்குச் சோறு நாங்க கட்டிக்கிட்டு வர்றோம். சரின்னா சொல்லுங்க, இல்லாட்டி வெலிமடையில வேற வான் பேசுறோம்."