விவசாய முகம்

காட்டில் தனியாக நாலு நாள் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை, குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் வருகிறது. கரட்டிலும் கண்மாயிலும் திரிந்து வளர்ந்த எவனுக்கும் அது வந்து நான் பார்த்ததில்லை. ஆசை வந்ததும் இவர்கள் காட்டுக்குப் போவதில்லை, கத்தி வாங்குகிறார்கள். பிறகு கத்திக்கு உறை, உறையைக் கோக்க வார், தீட்டுவதற்கு ஜப்பான் கல் என்று செலவு நீண்டுகொண்டே போகும். காடு பாட்டுக்கு இருந்த இடத்தில் இருக்கும்.

என் அக்கா மகன் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவனிடம் பின்லாந்துக் கத்தி ஒன்று உண்டு. பூக்கோ என்று பெயர். குறை சொல்லக் கூடாது, லட்சணமான கத்தி. பிர்ச் மரப் பிடி, உள்ளங்கையைத் தாண்டாத அலகு, இடுப்பில் தொங்கத் தோலுறை. மரம் செதுக்கவும் மீன் அரியவும் அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்டிருப்பது. இவன் அதை வைத்து கூரியர் பெட்டிகளைப் பிரிக்கிறான். பெட்டிக்குள் பெரும்பாலும் இன்னொரு கத்தி இருக்கும்.

பொங்கலுக்கு மதுரை வந்தவன், "மாமா, திருப்பாச்சேத்தின்னு ஒரு ஊராமே, கையாலேயே அடிச்சுத் தர்றாங்களாமே?" என்றான். மானாமதுரை போகும் ரோட்டில் இருக்கிற ஊர். சின்ன வயதில் அவனை மொட்டை போடத் தூக்கிக்கொண்டு போனதே அந்த வழியாகத்தான். ஆனாலும் யூடியூபில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் சொன்ன பிறகுதான் அவனுக்குத் தெரிய வந்திருக்கிறது.

பட்டறை வாசலில் கோயிலுக்கு நேர்ந்துகொண்ட அரிவாள்கள் ஆள் உயரத்துக்குச் சாத்தியிருந்தன. "இதை யார் மாமா தூக்குவாங்க?" என்றான். யாரும் தூக்க மாட்டார்கள், கருப்பசாமி கோயிலில் நட்டு, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி வைப்பார்கள் என்றேன். "அப்ப அவுட்டோர் யூஸ் இல்லையா?" என்று கேட்டான். ஊர் எல்லையில், தலைக்கு மேல் கூரைகூட இல்லாமல், வெயிலிலும் மழையிலும் நிற்கிற சாமி. அவரை விட அவுட்டோர் ஆள் யார் இருக்கிறார்?

உள்ளே ஆசாரி குறடால் பட்டையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கொடுக்க, அவர் மனைவி சம்மட்டி போட்டுக்கொண்டிருந்தார். அடி ஒவ்வொன்றும் சொல்லி வைத்த இடத்தில் விழுந்தது. அந்தக் குடும்பத்தில் எதிர்த்துப் பேசும் பழக்கம் இருக்காது என்று நினைத்துக்கொண்டேன். உலையில் சீமைக்கருவேலங்கரி. அந்த மரத்தை வெட்டத்தான் அரிவாள் அடிக்கிறார்கள், அரிவாள் அடிக்க அந்த மரமே கரியாகி வருகிறது. தன்னை வெட்டும் செலவைத் தானே ஏற்றுக்கொள்கிற மரம்!

இரும்பு, லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்குமே, அந்த வில்பட்டை. மேடு பள்ளமெல்லாம் வளைந்து நிமிர்ந்து பாரம் தாங்கவென்றே செய்த எஃகு, ஓடி ஓய்ந்தபின் காயலான் கடை வழியாக இங்கே வருகிறது. தமிழ்நாட்டு ரோடுகளில் பிழைத்து வந்த இரும்பு என்பதை விட வேறு என்ன தரச் சான்றிதழ் வேண்டும்? பையனுக்கு வேண்டியிருந்தது.

"எத்தனை ஹெச்.ஆர்.சி. வரும்ணே?" என்றான். எஃகின் கடினத்தை அளக்கும் கணக்கு அது.

"அதெல்லாம் நாங்க சேக்குறதில்ல தம்பி. சுத்தமான பட்டை" என்றார் ஆசாரி.

அவர் அளக்கிற கணக்கு வேறு. உலையிலிருந்து எடுத்த அலகின் சிவப்பைப் பார்க்கிறார். எந்தச் சிவப்பு என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. வெட்டுவாயை மட்டும் தண்ணீரில் தோய்க்கிறார், முதுகை விட்டுவிடுகிறார். வாய் கடினமாக வேண்டும், முதுகுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் முதல் கட்டையிலேயே அரிவாள் இரண்டாகும். கடைசியில் ஒரு ஆணியை வைத்து ஒரு போடு போட்டார். ஆணி இரண்டானது, அரிவாள் வாயில் ஒரு பல்கூட விழவில்லை. பையன் அதை வீடியோ எடுத்துக்கொண்டான்.

அடுத்து ஃபுல் டாங் பிரச்சினை. அதாவது அலகின் இரும்பே பிடி முழுக்க ஓட வேண்டும், அதுதான் உறுதி என்பது கத்திப் பிரியர்களின் கட்சி. ஆசாரியோ அரிவாளின் காம்பைப் பழுக்கக் காய்ச்சி, புகையப் புகைய மரப்பிடிக்குள் இறக்கி, பூண் போட்டு முடித்துவிட்டார். பையன் முகம் வாடிவிட்டது. இடுப்பிலிருந்த பூக்கோவை எடுத்துக் காட்டினான். ஆசாரி அதை அப்படி இப்படித் திருப்பினார். "இதுவும் காம்பு இறக்குனதுதான தம்பி. பிடிக்குப் பின்னாடி நுனி தெரியுதே" என்றார். உண்மைதான். பூக்கோவுக்குப் பரம்பரையாகவே காம்புதான். "வேலை சுத்தமா இருக்கு. பென்சில் சீவவா?" என்றும் கேட்டார்.

தோல்வியை ஒப்புக்கொள்ளாமல், "டமாஸ்கஸ் கத்தி மாதிரி அலை அலையாக் கோடு வருமா?" என்று ஆரம்பித்தான். இங்கே எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த தமிழாசிரியர் விழித்துக்கொண்டார். டமாஸ்கஸ் வாளுக்கு உருக்கு போனதே தென்னிந்தியாவிலிருந்துதான், ஈரோடு பக்கம் கொடுமணலில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள் என்று முழங்கினேன். உலகத்தில் எல்லாமே நம்மிடமிருந்து போனதுதான் என்று சொல்கிற கூட்டத்தில் நான் சேர்வதில்லை. ஆனால் இந்த விஷயத்தில் நியாயம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. ஆசாரி மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப லாரியே கிடையாதே சார், பட்டைக்கு என்ன பண்ணாங்க?" என்றார்.

பணம் கொடுத்ததும் ஆசாரி ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். 2021 செப்டம்பரில் காவல்துறை மாநிலம் முழுக்க ரவுடிகளைத் தேடிப் பிடித்தபோது, கத்தி அரிவாள் வாங்குகிறவர்களின் பெயர், முகவரி, போன் நம்பரைக் குறித்து வைக்க வேண்டும், பட்டறையில் கேமரா மாட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். இவர் நோட்டில் 'எதுக்கு' என்றும் ஒரு பத்தி இருந்தது. தேங்காய். ஆட்டுக்குத் தழை. கருவேல். தேங்காய். நேர்த்திக்கடன். அத்தனையும் நாணயமான காரணங்கள்.

"எதுக்கு தம்பி?"

"புஷ்கிராஃப்ட்."

"கிராப்பு வெட்டவா?"

காட்டில் வாழ்கிற வித்தைக்கு இங்கிலீஷ் பெயர் அது. நான் குறுக்கிட்டு விவசாயம் என்று போடச் சொன்னேன். முகவரி, ஒயிட்ஃபீல்டு, ஏழாவது மாடி. ஆசாரி ஒரு கணம் யோசித்தார். "ஃபீல்டுன்னா வயக்காடுதான" என்று எழுதிக்கொண்டார்.

விவசாயம் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் விதிகளில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதப் பட்டியலில் வருகிறது. வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் உபயோகத்துக்குச் செய்தவை மட்டும் விலக்கு. (9 அங்குல அலகை வைத்துக்கொண்டு விஞ்ஞானிகள் என்ன செய்கிறார்கள் என்பது தனியாக விசாரிக்க வேண்டிய விஷயம்.) ஆகவே அரிவாள் காலையில் தோப்புக்குப் போகும்போது கருவி. ராத்திரி பஸ்ஸில் போனால் என்ன என்பதை, அதைப் பிடித்திருப்பவன் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். எனக்கு விவசாய முகமா என்பது எனக்கே சந்தேகம். மீசை கொஞ்சம் பெரிது.

பழைய பேப்பரில் சுற்றி மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். அரிவாளை எதில் சுற்றினாலும் அது அரிவாளாகத்தான் தெரியும். அந்த வளைந்த மூக்கை மறைக்கிற பை இன்னும் தைக்கப்படவில்லை. போதாக்குறைக்கு, சுற்றிய பேப்பரில் வெளிப்பக்கம் வந்த செய்தி, 'பட்டப்பகலில் சரமாரி வெட்டு'. கூட்டமான பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை எனக்காகக் காலியானது. கண்டக்டர் சில்லறை இல்லை என்று சொல்லாமல் மீதியைக் கையில் வைத்துவிட்டுப் போனார். ஓய்வு பெறும்வரை அரசாங்க வேலையில் இருந்து எனக்குக் கிடைக்காத மரியாதை அது.

பையன் அரிவாளோடு மேகமலைச் சரணாலயத்துக்குப் போய்க் கூடாரம் போடத் திட்டம் வைத்திருந்தான். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஆயுதத்தோடு அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது என்கிறது. ஆயுதம் எது என்பதற்கும் பட்டியல் இருக்கிறது. அதில் கொக்கியும் வருகிறது, கத்தியும் வருகிறது. அரிவாள் ஒரே நேரத்தில் இரண்டும். பூக்கோவுக்கும் இதே கதிதான். காட்டுக்கென்று வாங்கிய கத்தி காட்டுக்குள் போக முடியாது, ஒயிட்ஃபீல்டில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஆகையால் அரிவாளை ஹாலில் சுவரில் மாட்டி, மேலே ஒரு விளக்கும் போட்டுவிட்டான். அவன் வீட்டுக்குச் சமையல் வேலைக்கு வருகிற அம்மாவுக்குத் தர்மபுரிப் பக்கம். மறுநாள் காலையில் அவர் வந்து பார்த்தார். செருப்பை வாசலுக்கு வெளியே தள்ளி விட்டார். அலகுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார், ஃபிரிட்ஜிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நுனியில் குத்தினார். அன்றிலிருந்து அதைக் கழற்ற வீட்டில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. மூன்றாம் மாடிப் பாட்டி ஒருவர் பேத்தி கல்யாணம் தட்டிப்போவதைச் சொல்லிவிட்டுப் போகிறாராம்.

போன வாரம் அக்கா அவன் வீட்டிலிருந்து போன் செய்தாள். "ஏன்டா, கருப்புக்குச் சுருட்டு வைக்கணும்ங்குறாளே இவ. இங்க கடையில கியூபா சுருட்டுதான் இருக்காம். வச்சா ஏத்துக்குவாரா?"