கேட் திறக்குமா, கை நடுங்குமா?

கேள்வி: போன வருடம் கேட் தேர்வில் முதல் கேள்வியைப் பார்த்ததுமே மண்டை காலி. பிப்ரவரியில் மறுபடி எழுதப் போகிறேன். அதே கதை நடந்துவிட்டால்?
– மெக்கானிக்கல் பட்டதாரி, ஈரோடு

பதில்: உங்களை முறைத்தது முதல் கேள்வி. மிச்சமுள்ள 64 என்ன பாவம் செய்தன? இலையில் முதலில் வைத்தார்கள் என்பதற்காக உப்பையா முதலில் தின்கிறோம்? 65 கேள்வி, 3 மணி நேரம். எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். பொதுத்திறன் பகுதியில் 10 கேள்விக்கு 15 மதிப்பெண். அதில் உங்களுக்குக் கை வரும் நாலைந்தை முதலில் முடியுங்கள். மண்டைக்குள் மின்சாரம் திரும்ப வந்ததும் முறைத்த கேள்வியைத் திருப்பி முறைக்கலாம்.

கேள்வி: உள்ளங்கை வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. பதறாமல் இருக்க என்ன வழி?
– வாசகி, காரைக்குடி

பதில்: படபடக்கட்டும், விடுங்கள். 2010-இல் ஜெரமி ஜேமிசனும் சக ஆய்வாளர்களும் ஜிஆர்இ தேர்வு எழுதவிருந்த மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் ஒரு பிரிவினரிடம் மட்டும், “படபடப்பு தேர்வைக் கெடுக்காது, உதவக்கூடச் செய்யலாம்” என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். மாதிரித் தேர்வின் கணக்குப் பகுதியில் அவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக வாங்கினார்கள். பிறகு எழுதிய நிஜத் தேர்விலும் அப்படியே. மொழிப் பகுதியில் மட்டும் இந்த மந்திரம் பலிக்கவில்லை. கேட்டில் கணக்குதானே அதிகம், உங்களுக்கு லாபம். “பயப்படாதே” என்று நூறு பேர் சொல்வார்கள். அப்படிச் சொல்லி யாருக்காவது பயம் போனதை நான் பார்த்ததில்லை. “உடம்பு தயாராகிறது” என்று நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். வியர்வையைத் துடைக்கக் கைக்குட்டை போதும்.

கேள்வி: நெகட்டிவ் மார்க்கை நினைத்தாலே தெரிந்த விடைகூடத் தப்பாகத் தோன்றுகிறதே!
– சந்தேகப் பிராணி, திருநெல்வேலி

பதில்: உங்கள் ஊர் அல்வாவைப் போல இதையும் கொஞ்சம் நிதானமாகக் கிண்டுவோம். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் ஒரு மதிப்பெண் கேள்வியில், தப்புக்கு மூன்றில் ஒரு பங்கு போகும். கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்விகளுக்குக் குத்தினால், சராசரியாக ஒன்று சரி: கூட்டல் 1. மூன்று தப்பு: கழித்தல் 1. ஆக, பூஜ்யம். குருட்டு யூகத்துக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

ஆனால் நான்கில் ஒன்று நிச்சயமாகத் தப்பு என்று கழித்துவிட்டீர்களா? கணக்கு அப்போதே உங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. இரண்டைக் கழித்துவிட்டால், தயங்குவதுதான் நஷ்டம். இரண்டு மதிப்பெண் கேள்விக்கும் இதே விகிதம்தான். எண்ணை விடையாகத் தரும் கேள்விகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை இருக்கக்கூடிய கேள்விகளுக்கும் நெகட்டிவே கிடையாது. அவற்றைக் காலியாக விட்டுவிட்டு வருவது, பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை வேண்டாம் என்பது போல.

கேள்வி: மாக் டெஸ்ட் எழுதினால் மார்க் குறைந்து மனசு உடைகிறது. நோட்ஸையே நாலு தடவை படித்தால் போதாதா?
– எலெக்ட்ரிக்கல் மாணவர், ஓசூர்

பதில்: நாலாவது தடவை படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். அந்த ‘மாதிரி’தான் ஆபத்து. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் செய்து பார்த்தார்கள்: ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தங்களையே சோதித்துக்கொண்டவர்கள். உங்கள் தேர்வு ஐந்து நிமிடத்தில் இல்லையே!

இன்னொன்று. ஹாலுக்குள் உங்கள் கால்குலேட்டரை விட மாட்டார்கள். திரையில் தெரியும் கால்குலேட்டரை மவுஸால் குத்திக் குத்தித்தான் சைன், காஸ் எல்லாம். அந்த எரிச்சலையும் வீட்டிலேயே பழகிவிடுங்கள். எனக்கு இன்றைக்கும் தேர்வு எழுதுவது போலக் கனவு வரும். பேனா மட்டும் வராது.

கேள்வி: மூன்றாவது முறையாக எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் சிரிக்கிறார்கள்.
– பெயர் வேண்டாமே, சேலம்

பதில்: கேட்டுக்கு வயது வரம்பும் இல்லை, இத்தனை முறைதான் என்ற கணக்கும் இல்லை. வாங்கிய ஸ்கோர் 3 ஆண்டு செல்லும். சொந்தக்காரர்களின் சிரிப்பு அடுத்த கல்யாணம் வரைக்கும்தான் செல்லும்.

கேள்வி: தேர்வு நாள் காலையில் என்ன சாப்பிடலாம்?
– கவலையுள்ள தாய், மதுரை

பதில்: தினமும் சாப்பிடும் இட்லிதான். நடுவில் எழுந்து போனாலும் திரையில் ஓடும் கடிகாரம் நிற்காது. ஆகவே, பாசத்தோடு நீங்கள் நீட்டப்போகும் அந்த இரண்டாவது டம்ளர் காபியை நீங்களே குடித்துவிடுங்கள், அம்மா.