குற்றவாளி: ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவு

சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எப்படி அழிந்தது என்ற வழக்கில் துப்பு துலங்கிவிட்டது. குற்றவாளிகள் எல்லாருக்கும் வயது பன்னிரண்டு. ஜூன் 5 அன்று, உலகச் சுற்றுச்சூழல் நாளில், காலை வணக்கக் கூட்டத்தில் வெயிலில் நின்று வலக்கையை நீட்டி, இனி பல் துலக்கும்போது குழாயைத் திறந்துவிட மாட்டோம், பாலித்தீன் பையைத் தொட மாட்டோம், மின்விசிறியை அணைக்காமல் வகுப்பை விட்டுப் போக மாட்டோம் என்று கூட்டாக வாக்குமூலம் கொடுக்கிறார்கள். அடி விழாமலே இத்தனை பேர் செய்யாத குற்றத்தை ஒரே குரலில் ஒப்புக்கொள்வது எந்தக் காவல் நிலையத்துக்கும் வாய்க்காத பாக்கியம்.

வாக்குமூலம் முடிந்ததும் பாடம். கரும்பலகைக்குப் பக்கத்தில் சார்ட் பேப்பரில் உணவுச் சங்கிலி: புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. எங்கள் காலத்திலும் இதே ஐவர்தான். பாம்பு தன்னைத்தான் பார்க்கிறது என்று தெரியாமல் தவளை அன்றும் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு, செய்முறை. அதற்குப் பள்ளிக்கு எதிரே ஃபேன்சி ஸ்டோர் இருக்கிறது. “காடா, பாலைவனமா, குளமா மேடம்?” என்று கேட்பார் கடைக்காரர். சதுப்பு நிலம் என்றால் ஒரு நொடி யோசிப்பார். “குளத்துலயே கொஞ்சம் புல்லு ஒட்டிக் குடுத்துடுறேன்.” தெர்மாகோல் தட்டில் நீலப் பெயின்ட், பச்சை ஸ்பான்ஜில் மரம், பசை போட்டு ஒட்டிய இரண்டு பிளாஸ்டிக் வாத்து. சூழல் மண்டலம் தயார். தெர்மாகோல் தட்டுக்கும் குவளைக்கும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை; அறிவியல் கண்காட்சியில் மட்டும் அதற்கு இன்னும் ராஜமரியாதை. 2017-ல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க அமைச்சர் ஒருவர் தெர்மாகோல் மிதக்கவிட்டபோது ஊரே சிரித்தது. ஏன் சிரிக்க வேண்டும்? பள்ளியில் சொல்லிக்கொடுத்ததைத்தானே அமைச்சர் அணையில் செய்து காட்டினார்?

இந்தப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிப் பெருங்குடிக்கு அழைத்துப்போனால் பாடம் வேறு மாதிரி இருக்கும். சென்னை மாநகராட்சி பல பத்தாண்டுகளாகச் சதுப்பு நிலத்தின் மேல் கொட்டி உயர்த்திய குப்பை மலை அங்கே இருந்தது. பிறகு அதைத் தோண்டிப் பிரித்து அகற்றவும் கோடிக்கணக்கில் செலவு. கொட்டியதும் அரசுப் பணம், அள்ளுவதும் அரசுப் பணம். இன்னும் கொஞ்சம் தள்ளிப்போனால் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். கடலை ஆராய ஒரு கட்டடம் வேண்டும் என்று மத்திய அரசுக்குத் தோன்றியபோது கண்ணில் பட்ட காலி இடம் சதுப்பு நிலம். காற்றாலை ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதே அக்கம்பக்கம்தான். காற்றாலைகள் நிற்கும் ஆரல்வாய்மொழியில் வீசாத காற்று பள்ளிக்கரணையில் வீசுகிறது போலும். பிறகு ரயில் பாதை, சாலைகள், ஐ.டி. வளாகங்கள், பால்கனியிலிருந்து பறவை பார்க்கலாம் என்று விற்ற அடுக்குமாடிகள். அந்தப் பறவை நின்ற இடத்தில்தான் அந்தப் பால்கனி நிற்கிறது.

உணவுச் சங்கிலியில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய பத்து சதவீத ஆற்றல்தான் என்ற விதி, சூழலியலாளர் லிண்டெமனின் 1942-ஆம் ஆண்டு ஆய்விலிருந்து பிறந்தது. நம் நகர வளர்ச்சிக்காரர்கள் அதைப் பள்ளிக்கரணையில் நிரூபித்துவிட்டார்கள். ஒருகாலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கழுவெளியில், அதாவது சதுப்பில், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் மிச்சம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகரும்போதும் இதே பத்து சதவீத விதிதான் வேலை செய்கிறது என்று நான் சொன்னால் அவதூறு வழக்கு வரும். ஆகவே சொல்லவில்லை.

பாடப்புத்தகத்தில் இதற்கெல்லாம் காரணம் ‘மனிதன்’. பேராசை பிடித்த மனிதன். அவனுக்கு முகவரி கிடையாது, பதவி கிடையாது, கையெழுத்து கிடையாது. ஆனால் ஒரு ஏரியைத் தூர்க்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாலுகா அலுவலக வாசலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு, முத்திரை உண்டு.

தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீரெல்லாம் இந்தச் சதுப்பில் வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கடலைச் சேர வேண்டும். தங்கும் இடத்தைத் தின்றுவிட்டோம், போகும் வழியைச் சுருக்கிவிட்டோம். 2015 டிசம்பரில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடி வந்தது. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தெருவில் படகு ஓடியது. ‘வெள்ளம் ஏன் ஏற்படுகிறது?’ என்ற கேள்விக்கு ‘அதிக மழையால்’ என்று எழுதினால் இன்றும் முழு மதிப்பெண்.

பெரும்பாக்கத்துப் பிள்ளைகளுக்குச் செய்தது இதையெல்லாம்விடக் கேவலம். கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களை ‘நீர்நிலை ஆக்கிரமிப்பாளர்கள்’ என்றது அரசு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அந்த வேலை வேகம் பிடித்தது. புல்டோசர் வந்தது, மூட்டைகளோடு லாரியில் ஏற்றினார்கள், சில குடும்பங்களைக் கல்வியாண்டின் நடுவிலேயே. நீர்நிலையைக் காப்பாற்றுவதற்காக அப்புறப்படுத்திய இந்த மக்களைக் கொண்டுபோய் இறக்கிய இடம் எது தெரியுமா? பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்துப் பெரும்பாக்கம். மழை வந்தால் தண்ணீர் சூழ்கிற இடம். ஆற்றோரத்தில் ஓலைக் குடிசை போட்டால் ஆக்கிரமிப்பு. சதுப்போரத்தில் அரசே எட்டு மாடி கட்டினால் மறுவாழ்வு. தன் வீடு இடிபட்டதைப் பார்த்த பிள்ளைதான் இன்று அங்கே வகுப்பில் எழுந்து நின்று ‘நீர்நிலைகளைப் பாதுகாப்பது நமது கடமை’ என்று ஒப்பிக்கிறது. ஒரு வார்த்தை தடுமாறினால் மறுபடியும் சொல்லச் சொல்கிறோம்.

சட்டத்தில் குறையே இல்லை. இயற்கையைக் காப்பது குடிமகனின் அடிப்படைக் கடமை என்று 1976-ல் அரசியலமைப்பில் 51-ஏ சேர்த்தார்கள். சுற்றுச்சூழலைப் பள்ளியில் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்று 1991-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2022-ல் என்.சி.இ.ஆர்.டி. மாணவர்களின் சுமையைக் குறைக்கிறோம் என்று கிளம்பியது. இறக்கிவைத்த சுமைகளில் ஏழாம் வகுப்பின் தண்ணீர்ப் பாடமும் எட்டாம் வகுப்பின் காற்று, நீர் மாசுப் பாடமும் உண்டு. நியாயம்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் பள்ளிக்கூட வேனின் ஜன்னலைத் திறந்தாலே அந்த இரண்டு பாடமும் மூக்கு வழியாக ஏறிவிடுகின்றனவே, எதற்கு அச்சுச் செலவு?

அதே 2022-ல் பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற பெயரோடு, ராம்சார் தளமாயிற்று. அது ஒரு மதிப்பெண் வினா. ஆண்டு தெரிந்தால் போதும். எல்லைக்கல் எங்கே என்று கேட்கக் கூடாது.

ஆசிரியர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. மரக்கன்று நடும்போது எடுத்த படத்தைப் பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் ஏற்றினால்தான் மரம் நட்டதாகக் கணக்கு. சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கும், கன்று வாடிக்கொண்டே இருக்கும். பின்னால் ‘பிளாஸ்டிக்கை ஒழிப்போம்’ என்று பிளாஸ்டிக் ஃப்ளெக்ஸ் காற்றில் படபடக்கும்.

இவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேறு பாடம் எடுத்தால் என்ன ஆகும்? கிராம வரைபடத்தை மேசையில் விரித்து, நில விவரம் சொல்லும் ‘அ’ பதிவேட்டின் நகலைப் பக்கத்தில் வைத்து, இந்தச் சர்வே எண் அன்று கழுவெளி, இன்று யாருடைய பட்டா என்று பிள்ளைகளையே பார்க்கச் சொன்னால்? பட்டா மாறிய நாளில் அதிகாரி நாற்காலியில் யார் இருந்தார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதப் பழக்கினால்? ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு இது கடினமே இல்லை. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைவிட எளிது. ஆனால் மறுவாரமே ஆசிரியர் கைக்கு 17-பி ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை வந்து சேரும்: பாடத்திட்டத்துக்குப் புறம்பாக நடந்தது, மாணவர்களைத் தூண்டிவிட்டது, அரசுக்கு அவப்பெயர் ஏற்படுத்தியது. குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். சதுப்பில் லாரி லாரியாக மண் கொட்டியவர்களிடம் விளக்கம் கேட்க இந்த அரசு ஒருநாளும் இத்தனை அவசரப்பட்டதில்லை.