மாதிரி பார்க்காத கொள்முதல்

போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு வரும் வியாபாரி, ஏலக்காயின் மாதிரியைக் கையில் வாங்கி, நிறத்தையும் திரட்சியையும் சோதித்து, 8 மில்லிமீட்டர் தேறுமா என்று கணித்த பின்னரே விலை கேட்கிறார். கன்சோல், அதாவது தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் விளையாட்டுக் கருவி, வைத்திருக்கும் ரசிகரோ இத்தகைய அற்பச் சந்தேகங்களைக் கடந்தவர் ஆதலால், இன்னும் வெளிவராத விளையாட்டுக்கு முன்பதிவு என்ற பெயரில் முழுப் பணத்தையும் கட்டிவிட்டு, ஒளிக்கதிரின் பாதையைக் கணக்கிட்டு நிழலும் பிரதிபலிப்பும் வரையும் ‘ரே டிரேசிங்’ நுட்பத்தில் அதன் மூடுபனி எவ்வளவு இயல்பாக அமையும் என்று, போடிமெட்டு மலையில் இலவசமாக இறங்கும் பனிக்கு முதுகைக் காட்டியபடி வாதிடுகிறார். 2020 டிசம்பரில் வெளியான ‘சைபர்பங்க் 2077’ என்ற விளையாட்டு, பிழைகள் மலிந்திருந்தமையால் அதே மாதத்தில் சோனியின் இணையக் கடையிலிருந்து நீக்கப்பட்டு, வாங்கியவர்களில் கேட்டவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது. தொழில்துறையின் அறம் செத்துவிட்டதென்று அன்று கொதித்தவர்களில் பலர் அடுத்த முன்பதிவிலும் முந்திக்கொள்வதால், பாடம் கற்க வேண்டியவர் ஏலக்காய் விவசாயியே: மூட்டையைப் பிரித்துக் காட்டாமலே விற்க முடியுமென்றால், காயைச் சலித்துத் தரம் பிரிக்கும் கூலி முழுவதும் வீண் செலவு.