ஓரக்குறிப்பே மூலம்: நூலகப் பிரதி குறித்த ஒரு நுண்ணாய்வு

கிளை நூலகங்களில் கூடும் வாசகர் வட்டங்கள் ‘பொன்னியின் செல்வ’னை விவாதிக்கின்றன என்று இதுவரை நம்பி வந்தோம். நம்பிக்கை தவறானது. அவை விவாதிப்பது அந்நாவலின் நூலகப் பிரதியை; இன்னும் நுணுகினால், அப்பிரதியின் ஓரங்களில் முன்பு இரவல் வாங்கியவர்கள் கிறுக்கிச் சென்ற குறிப்புகளை. ஆகவே ஓரக்குறிப்பே மூலம் என்றும், நடுவில் அச்சாகிக் கிடப்பது அதற்குக் கல்கி எழுதிய உரை என்றும் கொள்க. 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் வந்த உரை, பின்னால் வந்த மூலத்துக்கு எப்படி முற்படும் எனின், முற்படும். முடிவை முதலில் எழுதிவிட்டு ஆய்வைப் பிறகு நடத்தும் முனைவர் பட்ட ஏடுகளை எவரும் திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை.

வட்டம் என்பது காரணப் பெயரன்று. நாற்காலிகள் வரிசையாகவே கிடக்கும். வருவோர் மூவகையினர்: நாவலைப் படித்தவர், 2022-லும் 2023-லும் வந்த படங்களைப் பார்த்தவர், மிக்சருக்காக வந்தவர். இவர்களுள் நடுநிலை தவறாதவர் மூன்றாமவரே. ஐந்து பாகமும் ஒரே நாளில் அலமாரியில் இருப்பதில்லை என்பதால், ஆளுக்கொரு பாகத்தின் பலத்தில் பேச்சு நடக்கும். மூன்றாம் பாகத்துக்குக் ‘கொலை வாள்’ என்று பெயர். ஆனால் ஆதித்த கரிகாலன் சாவது ஐந்தாம் பாகத்தில். மூன்றாம் பாகத்தோடு வந்தவர் கூட்டம் முடியும்வரை யாராவது சாவார் என்று காத்திருப்பதன் காரணம் இதுவே.

இனி ஆய்வின் உயிர்நிலைக்கு வருவோம். கரிகாலனைக் கொன்றது யார்? ‘நான் கொன்றேன்’ என்று பாத்திரங்கள் முந்திக்கொள்ளும் அளவுக்குக் கல்கி இதைக் குழப்பி, குழப்பத்தைக் குழப்பமாகவே விட்டுவிட்டார். ஓரம் அப்படி விடவில்லை. ‘இவன்தான்!’ என்று பென்சிலில் எழுதி ஓர் அம்புக்குறியும் போட்டிருக்கிறது. அந்த அம்பின் முனையை ராமபாணம் தின்றுவிட்டது. புத்தகப் பூச்சிக்கு நம் முன்னோர் இப்பெயர் இட்டது பிற்கால ஆய்வாளர்களை மனத்தில் கொண்டுதானோ என்று ஐயுற இடமுண்டு. அம்பு மேல்நோக்கியது எனில் பழுவேட்டரையர், கீழ்நோக்கியது எனில் ரவிதாசன், நேராகப் போயிற்று எனில் எதிர்ப்பக்கத்து விளக்கப் படத்தில் பேசாமல் நிற்கும் காவலன். இம்மூன்றாம் கட்சியே இன்று வலுத்து வருகிறது. அதன் ஆதாரம் வருமாறு: ஐந்தாம் பாகம், காலிகோ கட்டுப் பிரதி, வலப்பக்க ஓரம், பென்சில் பாடம், அதை அடித்துத் ‘தவறு, இரண்டாம் பாகம் பார்க்க’ என்னும் பேனாப் பாடம், அதன் கீழ் ‘பார்த்தேன், ஒன்றும் இல்லை’ என்னும் பால்பாயிண்ட் பாடம், இவற்றுக்குக் குறுக்கே, ‘நூலகப் புத்தகத்தில் எழுதாதீர்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியவரின் பாடம், எல்லாவற்றின் மேலும் ஒரு சாம்பார்க் கறை, அந்தக் கறையை வெயிலில் பிடித்தால் மட்டும் தெரியும் ‘ஆமாம்’. இந்த ‘ஆமாம்’ யாருக்குச் சொன்ன பதில் என்பதில் அறிஞர்கள் இரு பிரிவாகிப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள்.

உடையார்குடிக் கல்வெட்டு இருக்கும்போது ஓரக்குறிப்பு எதற்கு என்பது ஒரு தடை. அற்றன்று. அக்கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று கரிகாலனைக் கொன்ற துரோகிகளைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. அப்படியிருந்தும் வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன்மேல் ஐயம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். கல்லில் வெட்டிய பெயர்களை வைத்துக்கொண்டே கல்லில் இல்லாதவரைச் சந்தேகிக்கலாம் என்றால், முனையில்லாத அம்பை வைத்துக்கொண்டு எவரைத்தான் சந்தேகிக்கக் கூடாது?

நந்தினி கற்பனைப் பாத்திரம், அவளை எப்படிக் குற்றம் சாட்டுவது என்பது அடுத்த தடை. ஒவ்வொரு கூட்டத்திலும் யாரோ ஒருவர் இதைத் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார். மற்றவர்கள் கல்யாண வீட்டில் அபசகுனமாகப் பேசியவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். பிறக்கவே இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருத்தியைக் குற்றத்திலிருந்து விடுவித்துவிட முடியாது. மாறாக, தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவராகவே இடம்பெற்றுவிட்ட வந்தியத்தேவனை, நாவலில் கொலைப்பழி சுமந்தவன் அவன்தான் என்று தெரிந்தும், எந்த வட்டமும் குற்றவாளி ஆக்கியதில்லை. வரலாற்றில் இருந்தவர்களுக்கு இந்தச் சலுகை உண்டு.

கல்கியே முடிவுரை எழுதி வாசகர்களின் ஐயங்களுக்கு விடை சொன்னாரே என்பாரும் உளர். நமது பிரதியில் கடைசித் தாள்கள் இல்லை. கட்டுப் பிரிந்து உதிர்ந்தன என்பது நூலகத்தார் கூற்று. காவலன் கட்சி இதை ஏற்கவில்லை. அடுத்த கூட்டம் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஐந்தாம் பாகத்தை எடுத்துச் சென்றிருப்பவர் அதற்குள் திருப்பித் தருமாறும், தருமுன் ரப்பரைக் கையில் எடுக்காதிருக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.