முதல் பக்கத்துத் தம்பி

மதுரை கீழமாசி வீதியிலோ டவுன்ஹால் ரோட்டிலோ புதிதாக ஒரு கடை திறந்தால், வாசலில் கட்டிய மாவிலை காய்வதற்குள் தோளில் லேப்டாப் பையோடு ஒரு தம்பி வந்துவிடுவார். வண்டியை நிழல் பார்த்து நிறுத்துவார். “அண்ணே, வெப்சைட் இருக்காண்ணே?” என்பார். இல்லையென்றால் சந்தோஷப்படுவார், இருக்கிறதென்றால் இன்னும் சந்தோஷப்படுவார், குறை சொல்ல ஏதாவது வேண்டுமே. அவருடைய விசிட்டிங் கார்டில் முன்பு ‘பல்க் எஸ்.எம்.எஸ்.’ இருந்த இடத்தில் பிறகு ‘எஸ்.இ.ஓ.’ வந்தது, இப்போது அதற்கும் மேலே ‘ஏ.ஐ.’ ஏறி உட்கார்ந்திருக்கிறது. விற்கிற சரக்கு மட்டும் மாறவில்லை. கூகுளில் தேடினால் உங்கள் கடை முதல் பக்கத்தில் வரும், அதிலும் முதல் ஆளாக, மூன்றே மாதத்தில். இவரை ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்கிவிடுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. அவர் செய்வதில் பாதி வேலை உண்மையிலேயே கடைக்குப் பயன்படுகிறது. அந்தப் பாதியை அவர் இனாமாகச் செய்து கொடுத்துவிட்டு, பயன்படாத மீதிக்கு மாதாமாதம் பில் போடுகிறார் என்பதுதான் வேடிக்கை. அப்படிப் போட வைப்பதே கடை முதலாளி என்பது அதைவிட வேடிக்கை.

இனாம் பாதி எது? வந்த அன்றைக்கே தம்பி தெருவில் இறங்கிப் பெயர்ப்பலகையைப் போட்டோ எடுப்பார். கூகுள் மேப்பில் கடைக்குப் புள்ளி வைப்பார். போன் நம்பர், திறக்கும் நேரம், வார விடுமுறை, கடை என்ன வகை என்பதையெல்லாம் நிரப்புவார். “இது சும்மா பண்ணித் தர்றேண்ணே” என்று பெருந்தன்மையாகச் சொல்வார். அரை மணி நேர வேலை. ஆனால் பக்கத்துக் கடைகளை எந்த வரிசையில் காட்டுவது என்பதற்குக் கூகுளே வெளிப்படையாகச் சொல்லியிருக்கும் காரணங்கள் மூன்றுதான்: கேட்டதற்குப் பொருத்தமான கடையா, தேடுகிறவருக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு பெயர் பெற்றது. முதலாவது இந்த அரை மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. இரண்டாவது, கடையை வாடகைக்குப் பிடித்த அன்றே முடிந்துபோன விஷயம். மூன்றாவதை வாடிக்கையாளர்கள்தான் வருஷக்கணக்கில் சேர்த்துத் தரவேண்டும். மீனாட்சியம்மன் கோயிலைப் பார்த்துவிட்டுத் தெற்கு வாசலில் நிற்கிற வெளியூர்க் குடும்பத்துக்கு, ஆடி வீதிக்கு அப்புறம் சித்திரை வீதி, அதைத் தாண்டி ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி என்ற கணக்கெல்லாம் தெரியாது. மத்தியானம் இரண்டு மணிக்குக் கடை திறந்திருக்குமா, காரை எங்கே விடுவது என்பதுதான் அவர்கள் கேள்வி. அதற்குப் பதில் சொல்கிற அந்த அரை மணி நேரத்துக்குத் தம்பி தாராளமாகக் காசு கேட்கலாம். கேட்பதில்லை, ஏனென்றால் அதை மாதாமாதம் செய்ய முடியாது.

மூன்றாவது மாதம் வரும் நிரூபணக் காட்சிதான் இந்த நாடகத்தின் உச்சம். தம்பி கல்லாவுக்கு எதிரில் நின்றுகொண்டு, “உங்க போன்லயே அடிச்சுப் பாருங்கண்ணே” என்பார். முதலாளி ‘மதுரை சுங்குடி சேலைக் கடை’ என்று தேடுவார். முதலில் அவர் கடை! உடனே இரண்டு காபி சொல்லப்படும். தூரமும் ஒரு கணக்கு என்று மேலே பார்த்தோமே, முதலாளி அப்போது நிற்பது கடைக்குள். கடைக்குள் நின்று கடையைத் தேடினால் வேறு எது முன்னால் வரும்? அன்று சாயந்திரம் திருநகரிலிருந்து மச்சான் தேடிப் பார்த்துவிட்டு, “ஏழாவதா வருது மாப்ள” என்று போன் போடுவார். “அவங்க போன் பழசுண்ணே, அப்டேட் ஆயிருக்காது” என்று தம்பியிடம் விளக்கம் தயாராக இருக்கும். கடைப் பெயரையே அடித்துத் தேடிக் காட்டுவது இன்னொரு வகை நிரூபணம். வேறெங்கும் இல்லாத பெயராக இருந்தால் தம்பி இல்லாமலே அது முதலில் வந்துவிடும். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது, பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருஷம்வரை ஆகலாம் என்று கூகுளே எச்சரித்து எழுதி வைத்திருக்கிறது. அதைத் தேடி எடுக்கவும் கூகுளிலேயே முடியும். முதலாளிதான் தேட மாட்டார். அவர் தினமும் தேடுவது இரண்டே பெயர்: ஒன்று தன்னுடையது, மற்றது எதிர்க்கடையினுடையது.

இனி பில் வருகிற பாதி. தளத்தின் ஒவ்வொரு பக்கத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஐம்பது ‘கீவேர்டு’ போட்டிருப்பதாகத் தம்பி சொல்வார். தரவரிசைக்கு அந்தக் கீவேர்டு குறியைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. சுங்குடி சேலை திருமங்கலம், சுங்குடி சேலை மேலூர், சுங்குடி சேலை உசிலம்பட்டி, வாடிப்பட்டி, சோழவந்தான் என்று ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒரே பத்தியை இருபது பக்கமாக்குவார். படித்தால் பஸ் கண்டக்டர் கூவுவதுபோல இருக்கும். தேடுபொறிக்கென்றே இப்படி வாசல் பக்கங்கள் வைத்ததற்காக 2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் ஜெர்மன் தளத்தையே கூகுள் தூக்கி வெளியே போட்டது. சில நாளில் அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள், பி.எம்.டபிள்யூ. இல்லையென்றால் தேடுகிறவர்கள் கேட்பார்கள், உசிலம்பட்டிப் பக்கம் காணாமல் போனால் யார் கேட்பது? அடுத்தது பேக்லிங்க். ஐந்நூறு தளங்களிலிருந்து உங்கள் கடைக்கு இணைப்பு வந்திருக்கிறது என்று ஒரு எக்செல் ஷீட் வரும்; அதில் ஒரு தளத்துக்காவது சேலை என்றால் என்னவென்று தெரிந்திருக்காது. இப்படிச் செயற்கையாக இணைப்பு சேர்க்கிற தளங்களையும் கீழே தள்ளுவதற்காக 2012 ஏப்ரலில் கூகுள் ‘பெங்குவின்’ என்றொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. ஐந்து நட்சத்திர விமர்சனங்களோ ஒரே பாலிடெக்னிக்கின் ஒரே வகுப்பிலிருந்து ஒரே மத்தியானத்தில் வந்து இறங்கும். சேலைக் கடைக்கு முப்பது இளைஞர்கள் ‘சூப்பர் கலெக்‌ஷன் ப்ரோ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து எந்தப் பெண்ணும் நம்பிக் கிளம்பி வரப்போவதில்லை.

பெயர் விஷயத்தில் மட்டும் தம்பியைக் குறை சொல்ல மதுரைக்காரர்களுக்கு உரிமை குறைவு. மேப்பில் கடைப் பெயரோடு ‘பெஸ்ட் சேரி ஷாப் இன் மதுரை’ என்று ஒட்டுப்போடுவது கூகுள் விதிக்கு விரோதம். பலகையில் இருக்கிற பெயர்தான் அங்கேயும் இருக்கவேண்டும், மீறினால் பதிவையே முடக்கலாம். ஆனால் பலகையிலேயே அப்படி எழுதிவிட்டால்? நியூயார்க்கில் ‘தாய் ஃபுட் நியர் மீ’ என்றே ஒரு தாய்லாந்து உணவகத்துக்குப் பெயர் வைத்தார்கள். உலகமே அதன் சாமர்த்தியத்தை வியந்தது. கூகுள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டாவுக்கு முன்னால் ‘ஃபேமஸ்’ சேர்த்துப் பலகை எழுதிய ஊர் இது.

சரி, தளத்தில் என்னதான் எழுதுவது? சேலைக் கடையில் நிற்கிற விற்பனைப் பெண்ணைக் கேட்டால் தெரியும். இது நிஜமாகவே முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியதா, பிரிண்டா? முதல் துவையலில் சாயம் போகுமா? உப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டுமா? இரண்டும் பார்க்க ஒன்றுபோலிருக்க விலை ஏன் இவ்வளவு வித்தியாசம்? தினமும் இவற்றுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அந்தப் பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிடுகிறது. மதுரைச் சௌராஷ்டிரர்கள் கைவிரலால் ஆயிரக்கணக்கான முடிச்சுகள் இட்டுச் சாயம் தோய்த்து உருவாக்கிய சேலை அது. 2005-ல் புவிசார் குறியீடும் வாங்கியது. அச்சடித்த சேலையும் அதே பெயரில் விற்கிறபோது, வாங்குகிறவருக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? அந்தச் சந்தேகத்தைத்தான் மக்கள் ராத்திரி பதினோரு மணிக்குப் போனில் தட்டுகிறார்கள், பாதித் தமிழும் பாதி இங்கிலீஷுமாக. இரண்டு சேலையின் பின்பக்கத்தையும் அருகருகே வைத்துப் போட்டோ எடுத்து, எது எது என்று விளக்கி ஒரு பக்கம் எழுதினால் போதும். கடைத் தளத்தில் இதைத் தவிர எல்லாம் இருக்கிறது: ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ இருக்கிறது, கைகுலுக்கும் இரண்டு வெள்ளைக்காரர்கள் படம் இருக்கிறது.

“நல்ல கடைக்கு இதெல்லாம் எதற்கு? திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வாக் கடைக்குப் பலகை உண்டா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நெல்லையப்பர் கோயில் எதிரே நிற்கிற அந்தக் கூட்டம் சில தலைமுறைகள் சேர்த்தது. ஒத்தக்கடையில் போன தையில் திறந்த கடைக்கு அந்த வரவு இல்லை. மேலும், இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும் என்பதை வெளியூர்க்காரர் தெரிந்துகொள்வதும் இன்று போனைப் பார்த்துத்தான். பலகையே இல்லாமல் பிழைக்கிற கடைக்கும் நேரம் சரியாகப் பதிவாகியிருப்பது உதவுகிறது. “இனி ஏ.ஐ.யே பதில் சொல்லிவிடும், தளம் எதற்கு?” என்பது புது ஆட்சேபம். இந்தியாவில் 2024 ஆகஸ்ட் முதல் தேடலின் உச்சியில் கூகுளே சுருக்க விடை எழுதிக் காட்டுகிறது, உண்மை. அந்த விடையும் யாரோ எங்கோ எழுதியதைப் பார்த்துத்தானே உருவாகிறது? முடிச்சையும் பிரிண்டையும் விளக்கியவர் எதிர்க்கடைக்காரராக இருந்தால், அவர் சொன்னதே விடையாகும்.

இத்தனைக்கும் பிறகு முதலாளி ஏன் பணம் கொடுக்கிறார்? மாதக் கடைசியில் தம்பி ஒரு கிராஃப் காட்டுவார், கோடு மேலே போகும். “இம்ப்ரெஷன் ஏறியிருக்குண்ணே.” “சேலை எத்தனை போச்சு?” “அது கன்வர்ஷன்ணே, அது உங்க சைடு.” உங்கள் பக்கத்தைத் தேடலில் காட்டினார்கள் என்பதற்கு மேல் இம்ப்ரெஷனுக்கு அர்த்தமில்லை, ஒருவரும் தொடாமலே அது ஏறும். முதலாளிக்கும் இது உள்ளூரத் தெரியும். ஆனால் எதிர்க்கடைக்கு மேலே தன் பெயரைப் பார்க்கிற சுகத்துக்கு மதுரை எந்தக் காலத்திலும் செலவழித்திருக்கிறது. முன்பு ராத்திரியோடு ராத்திரியாக எதிராளி போஸ்டர் மேல் நம் போஸ்டரை ஒட்ட ஆள் வைத்தோம்; இப்போது பசை வாளிக்குப் பதில் லேப்டாப். தம்பி அந்த ஆசையைக் கண்டுபிடித்தவர் அல்லர், அதற்கு ரசீது தருபவர், அவ்வளவுதான்.

கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேப்பில் உங்கள் கடைப் பதிவு யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். பல கடைகளில் அது தம்பியுடைய சொந்தக் கணக்காக இருக்கும். அவருக்குக் கோயம்புத்தூரில் நல்ல வேலை கிடைத்த அன்று உங்கள் கடையும் கூடவே பஸ் ஏறிவிடும். உரிமையாளராக உங்களையும் மேலாளராக அவரையும் வைத்துக்கொள்ளக் கூகுளில் வசதி இருக்கிறது. மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதையும் அவர் சும்மாதான் செய்து கொடுப்பார்.